ஐந்து மரபணுக்களுக்கு ஒரே பெயர், ஒன்றுக்குத்தான் அந்த வேலை

பன்றிக்குட்டிக்குக் குளிர் தாங்காது. பன்றி வளர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஈன்ற முதல் சில நாட்கள் கொட்டிலில் வைக்கோலைப் பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிட்டுச் சூடு காட்டாவிட்டால் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டு கிடக்கும். சில செத்தும் போகும். பிறந்த ஆட்டுக்குட்டியும் மனிதக் குழந்தையும் நடுங்காமலே ஓரளவு உடற்சூட்டைக் காத்துக்கொள்கின்றன. அவற்றிடம் இருப்பதும் பன்றியிடம் இல்லாததும் ஒரே ஒரு புரதம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் புரதத்துக்கான மரபணு பன்றியிடமும் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2006இல் அதைப் படித்துப் பார்த்தபோது நடுவில் 3 முதல் 5 வரையிலான எக்சான்கள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் மரபணுத் துண்டுகள்) காணாமல் போயிருந்தன. உடைப்பு நேர்ந்து சுமார் 2 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

அந்த மரபணுவின் பெயர் யூசிபி1. 'அன்கப்ளிங் புரோட்டீன்' என்பதன் சுருக்கம். பாடநூல் நடையில் 'பிணைப்பு நீக்கும் புரதம்' என்று எழுதலாம். ஆனால் கப்ளிங் என்ற சொல் ரயிலில் போகும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள கப்ளிங்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் உறுமிக்கொண்டு ஓடும், பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தப் புரதம் செய்வதும் அதுதான். எரிபொருள் எரியும், ஆனால் வேலை நடக்காது. சூடு மட்டும் வரும்.

மனிதனிடம் இந்தப் பெயரைத் தாங்கிய மரபணுக்கள் ஐந்து இருக்கின்றன, யூசிபி1 முதல் யூசிபி5 வரை. ஐந்தும் கழற்றிவிடுகின்றன என்றுதான் பெயரைப் பார்த்தால் தோன்றும். உடல் எடை பற்றிய இணையக் கட்டுரைகள் பலவும் அப்படியே எழுதுகின்றன. உறுதியாக அந்த வேலையைச் செய்வது முதலாவது மட்டுமே. மற்ற நான்குக்கும் பெயர் முக ஜாடையால் வந்தது.

முதலில் இன்னொரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செல்லுக்குள் எரிபொருளை எரித்து ஆற்றல் எடுக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு, அது தாய்வழியாக வருகிறது. அதில் 37 மரபணுக்கள். அவற்றில் புரதத்துக்கானவை 13தான். யூசிபி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஐந்தும் செல்லின் உட்கருவில் உள்ள குரோமோசோம்களில் இருக்கின்றன. யூசிபி1 4ஆம் குரோமோசோமில் உள்ளது. யூசிபி2, யூசிபி3 இரண்டும் 11ஆம் குரோமோசோமில் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல ஒட்டியே இருக்கின்றன. புரதம் வெளியே தயாராகி, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் போய்ப் பொருந்துகிறது. ஆகவே 'அம்மாவிடமிருந்து மட்டும் வரும் மெட்டபாலிசம் மரபணு' என்று யாராவது யூசிபியைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அணையும் மதகும்

சாப்பாட்டில் உள்ள ஆற்றல், செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு ஆவதற்கு நடுவில் ஒரு படி இருக்கிறது. சர்க்கரையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வரும் எலக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள புரதங்களின் வழியே இறங்கி வருகின்றன. அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே இறைக்கப்படுகின்றன. வெளியே சேர்ந்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியின் வழியாகத் திரும்பி உள்ளே பாயும்போது அது சுழன்று ஏடிபியைத் தயாரிக்கிறது. 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1978இல் இதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 150 மில்லிவோல்ட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சவ்வின் தடிமன் 5, 6 நானோமீட்டர்தான். மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3 கோடி வோல்ட் வருகிறது.

மேட்டூர் அணையை நினைத்துக்கொண்டால் எளிது. தேங்கிய நீர் மின்நிலையத்தின் வழியாக இறங்கினால் மின்சாரம். 16 கண் மதகைத் திறந்துவிட்டால் அதே நீர் டர்பைன் பக்கம் போகாமல் இரைச்சலோடு கீழே இறங்கிவிடும். யூசிபி1 அந்த மதகு. புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸைத் தொடாமல் அதன் வழியே திரும்பி வருகின்றன, ஆற்றல் முழுவதும் சூடாகிறது.

ஆனால் இந்த உவமை ஒரு முக்கியமான இடத்தில் பொருந்தாது. அணை நிரம்பிவிட்டது என்பதற்காகக் காவிரி வருவதை நிறுத்தாது. மைட்டோகாண்ட்ரியாவில் நிறுத்தும். செல்லுக்கு ஏடிபி தேவைப்படாதபோது புரோட்டான்கள் வெளியே நெருக்கியடித்து நிற்கும். மேலும் இறைக்க முடியாமல் எலக்ட்ரான் ஓட்டம் தளரும், எரிப்பும் மெதுவாகும். இது செல்லின் பிரேக். யூசிபி1 திறந்தால் இந்த பிரேக்கும் போய்விடுகிறது. யூசிபி1 இருக்கும் பழுப்புக் கொழுப்பு என்ற திசு அவ்வளவு சூடு தருவதற்கு வெறும் கசிவு மட்டும் காரணமல்ல, கசிவைத் தொடர்ந்து எரிப்பு கட்டுக்கடங்காமல் வேகமெடுப்பதுதான் பெரிய காரணம்.

பிரேக் இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதை மனிதர்கள் தங்கள் உடம்பிலேயே பார்த்துவிட்டார்கள். டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டிஎன்பி, ஒரு மஞ்சள் தூள். முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டினார்கள், இளைத்தார்கள், காய்ச்சல் ஏறிச் சிலர் இறந்தார்கள். 1933இல் ஸ்டான்ஃபோர்டில் மாரிஸ் டெய்ன்டரும் வின்ட்சர் கட்டிங்கும் இதையே எடை குறைக்கும் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, அதில் ஏமாற்றமில்லை. ஓராண்டுக்குள் அமெரிக்காவில் சுமார் 1 லட்சம் பேர் இதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்பது டெய்ன்டரே சொன்ன மதிப்பீடு. பிறகு இளவயதினருக்கும் கண்புரை வந்தது. சிலர் உள்ளிருந்தே வெந்து செத்தார்கள். 1938இல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டம் வந்ததோடு இது ஒழிந்தது. டிஎன்பி புரோட்டான்களைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு சவ்வைக் கடந்து உள்ளே இறக்கிவிடுகிறது. ஏற்றும் இறக்கும் வேலை உடம்பின் எல்லாச் செல்களிலும் நடக்கும், நிறுத்த வழியில்லை, மாற்று மருந்தும் கிடையாது. இவ்வளவு தெரிந்தும் இன்றுவரை இணையத்தில் இதை வாங்கி விழுங்கிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள்.

யூசிபி1 செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். வித்தியாசம், அது ஒரே திசுவில் மட்டும் இருக்கிறது, அதற்குப் பூட்டும் சாவியும் உண்டு.

கொழுப்பும் அல்ல, தசையும் அல்ல

அந்தத் திசுவை முதலில் எழுதி வைத்தவர் சுவிட்சர்லாந்தின் கொன்ராட் கெஸ்னர். 1551இல் ஆல்ப்ஸ் மலையின் மர்மோட் என்ற அணில் இனத்து விலங்கை அறுத்துப் பார்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் கொழுப்பும் அல்லாத தசையும் அல்லாத ஏதோ இருக்கிறது என்று குறித்தார். பழுப்புக் கொழுப்பு என்று இன்று சொல்வது அதைத்தான். வெள்ளைக் கொழுப்புச் செல் ஒரே பெரிய எண்ணெய்த் துளியைச் சுமந்து கிடக்கும். பழுப்புக் கொழுப்புச் செல்லில் சின்னச் சின்னத் துளிகளும் அவற்றைச் சுற்றி நெருக்கமாக மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள இரும்புதான் பழுப்பு நிறத்துக்குக் காரணம். இந்தத் திசுவின் வேலை சூடு தருவது என்பது 1960களில்தான் உறுதியானது. அதற்குள் சுமார் 400 ஆண்டுகள் போய்விட்டன.

எப்படிச் சூடு தருகிறது என்பதற்கான விடை 1970களில் வந்தது. 1976இல் பிரான்சில் டேனியல் ரிக்கியேவும் கேடரும் குளிரில் பழக்கிய எலிகளின் பழுப்புக் கொழுப்பில் சுமார் 32 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம் கூடுவதைக் கண்டார்கள். பிரிட்டனில் டேவிட் நிக்கல்ஸின் குழு, இந்த மைட்டோகாண்ட்ரியாவின் புரோட்டான் கசிவை ஜிடிபி போன்ற நியூக்ளியோடைடுகள் (ஏடிபியின் உறவுக்கார மூலக்கூறுகள்) அடைப்பதைக் கவனித்தது. அடைக்கும் இடமும் 1976இல் கண்ட புரதமும் ஒன்றே என்பது 1978இல் தெளிவானது. முதலில் அதைத் தெர்மோஜெனின் என்று அழைத்தார்கள். சூடு தருவது என்று பொருள்படும் அந்தப் பெயரே நிலைத்திருந்தால் பின்னால் வந்த குழப்பத்தில் பாதி வந்திருக்காது என்பது என் எண்ணம். 1980களில் மரபணு படிக்கப்பட்டது. ஆறு எக்சான்கள், சுமார் 300 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய புரதம்.

பூட்டு சாவி விஷயம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணமாகச் செல்லில் உள்ள ஏடிபியே இந்தப் புரதத்தின் வாயில் அடைப்பானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிர் என்று மூளை உணர்ந்ததும் பழுப்புக் கொழுப்புக்குப் போகும் நரம்பு முனைகள் நோர்அட்ரினலினைச் சுரக்கின்றன. அது செல்லின் மேல் உள்ள பீட்டா-3 ஏற்பியைத் தட்டுகிறது, செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் உடைந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன. அந்தக் கொழுப்பு அமிலம்தான் எரிபொருள். யூசிபி1ஐத் திறக்கும் சாவியும் அதுவே. விறகு வந்தால்தான் அடுப்பு திறக்கும். விறகு தீர்ந்தால் தானே மூடிக்கொள்ளும். 2012இல் கலிஃபோர்னியாவில் கிரிச்சோக்கின் குழு பழுப்புக் கொழுப்பு மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நேரடியாக மின்முனையை வைத்து அளந்தபோது, கொழுப்பு அமிலத்தின் நீண்ட வால் புரதத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்வதும் அதன் தலை மட்டும் புரோட்டானை ஏற்றி இறக்குவதும் தெரியவந்தது. 2023இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புரதத்தின் முழு உருவமும், ஏடிபி எந்த இடத்தில் உட்கார்ந்து அடைக்கிறது என்பதும் கிடைத்துவிட்டன.

இது நிமிடக் கணக்கில் நடக்கும் கட்டுப்பாடு. குளிர் வாரக்கணக்கில் நீடித்தால் மரபணுவே கூடுதலாக வேலை செய்யும். யூசிபி1க்கு முன்னால் உள்ள டிஎன்ஏ பகுதியில் தைராய்டு ஹார்மோனின் ஏற்பி உட்பட பல புரதங்கள் வந்து உட்காரும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி வேலை வாங்கும் மேஸ்திரி போன்ற பிஜிசி-1 ஆல்ஃபா 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் எலியின் பழுப்புக் கொழுப்புச் செல்களிலிருந்துதான்.

1997

அந்த ஆண்டு மூன்று விஷயங்கள் ஒன்றாக நடந்தன.

ஒன்று, யூசிபி1 நீக்கிய எலிகள். இவை குண்டாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குளிரைத் தாங்க முடியாமல் திணறின, ஆனால் எடை கூடவில்லை. அப்படியானால் எடைக்கும் யூசிபி1க்கும் தொடர்பில்லையா? வேறு மரபணு ஏதாவது இருக்குமோ? இரண்டாவதும் மூன்றாவதும் அந்தக் கேள்விக்கு விடை போலவே வந்தன. யூசிபி1ஐப் போன்ற வரிசை கொண்ட இரண்டு புதிய மரபணுக்கள் கிடைத்தன. யூசிபி2 ஏறக்குறைய 59 சதவீதம் யூசிபி1ஐ ஒத்திருந்தது, யூசிபி3 57 சதவீதம். யூசிபி2 மண்ணீரல், நுரையீரல், கணையம், வெள்ளைக் கொழுப்பு என்று எங்கும் இருந்தது, யூசிபி3 தசையில். வயதுவந்த மனிதனிடம் பழுப்புக் கொழுப்பு கிடையாது என்று நம்பிய காலம் அது. தசையில் கழற்றிவிடும் புரதம் இருக்கிறது என்றால் மருந்து நிறுவனங்களுக்கு வேறென்ன வேண்டும்? யூசிபி2ஐ அறிவித்த கட்டுரையின் தலைப்பே அதை உடல் பருமனோடு சேர்த்துத்தான் பேசியது.

ஆதாரமும் இருந்தது போலத்தான் தெரிந்தது. இந்த மரபணுக்களை ஈஸ்டுக்குள் செலுத்திப் பார்த்தால் ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவில் மின்னழுத்தம் குறைந்தது. சரி, கழற்றிவிடுகிறது என்று முடிவு கட்டினார்கள். பிறகுதான் சந்தேகம் எழுந்தது. அளவுக்கு மீறி ஒரு சவ்வுப் புரதத்தைத் திணித்தால் அது ஒழுங்காக மடியாமல் சவ்வைக் கிழித்துக்கொண்டு நிற்கும். அங்கே ஒழுகுவது புரதத்தின் வேலையால் அல்ல, புரதம் கெட்டுக் கிடப்பதால். தசையில் யூசிபி3ஐப் பல மடங்கு கூட்டிய எலிகள் நிறையத் தின்று ஒல்லியாகவே இருந்தன. அதற்கும் இதே ஐயம் பொருந்தும்.

எதிர்ச் சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. யூசிபி3 நீக்கிய எலிகள் குண்டாகவும் இல்லை, குளிரில் நடுங்கவும் இல்லை. பட்டினி போட்டால் தசையில் யூசிபி3 கூடுகிறது. பட்டினி கிடக்கும் உடம்பு சூட்டை வீணாக்கும் மதகைத் திறந்து வைக்குமா? அளவும் இடித்தது. பழுப்புக் கொழுப்பின் உட்சவ்வில் யூசிபி1 முக்கியமான பங்கைப் பிடித்திருக்கிறது. யூசிபி2 இருக்கும் திசுக்களில் அதன் அளவு நூற்றில் ஒரு பங்குகூட வராது. யூசிபி1 நாட்கணக்கில் நிலைத்திருக்கும், யூசிபி2 அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். மரபணுவின் நகலான ஆர்என்ஏ நிறைய இருக்கும் சில திசுக்களில் யூசிபி2 புரதத்தைத் தேடினால் கிடைக்கவே இல்லை. சூடு தர வேண்டிய பொருளுக்கு இவையெல்லாம் பொருந்தாத குணங்கள்.

யூசிபி2 வேலையில்லாத மரபணு என்று சொல்ல வரவில்லை. அதை நீக்கிய எலிகளின் மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அதிகமாக உண்டாக்கின. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்றை அந்த எலிகள் நன்றாகவே தாங்கின. இது 2000இல். அடுத்த ஆண்டு, கணையத்தில் இன்சுலின் சுரப்பதை யூசிபி2 மட்டுப்படுத்துகிறது என்று பிராட்ஃபோர்ட் லோவெலின் குழு காட்டியது. 2014இல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வேலை அது என்ன சுமக்கிறது என்பதையே சொன்னது. மாலேட், ஆக்சலோஅசிட்டேட், அஸ்பார்டேட் போன்ற நான்கு கார்பன் மூலக்கூறுகளை வெளியே அனுப்பிப் பாஸ்பேட்டை உள்ளே எடுக்கிறதாம். அதாவது செல் எந்த எரிபொருளை எரிக்கும் என்பதைத் திருப்பிவிடும் ஒரு போக்குவரத்துக் காவலர்.

மரபணுக் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இந்த ஐந்தும் எஸ்எல்சி25 என்ற பெரிய குடும்பத்தின் பிள்ளைகள். மனிதனிடம் அதில் 53 உறுப்பினர்கள். ஏடிபியை வெளியே கொண்டுபோவது, பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவருவது என்று பெரும்பாலும் சுமைகூலி வேலைதான். சுமப்பதுதான் குலத்தொழில், சூடு காட்டும் யூசிபி1தான் அதிலிருந்து தடம் மாறியது. அதை முதலில் கண்டுபிடித்துவிட்டதால் அதன் பெயரே பின்னால் வந்த உறவினர்களுக்கும் போய்விட்டது. மூளையில் அதிகம் காணப்படும் யூசிபி4, யூசிபி5 இரண்டும் வரிசையில் இன்னும் தூரத்துச் சொந்தம், அவற்றைப் பற்றி இங்கே இவ்வளவே போதும். கெண்டை இன மீனிடமும் யூசிபி1 இருக்கிறது, ஈரலில். மீன் தன் உடலைச் சூடாக்குவதில்லை. மரபணு முதலில் வந்தது, அடுப்பு வேலை பிறகுதான் வந்தது.

வந்த வேலை எல்லா வம்சத்திலும் நிலைக்கவும் இல்லை. பன்றி தனி உதாரணமல்ல. யானை, திமிங்கிலம், குதிரை, எறும்புண்ணியான அழுங்கு, அர்மடில்லோ ஆகிய வம்சங்களிலும் யூசிபி1 உடைந்தே கிடக்கிறது. பனியுகத்தில் வாழ்ந்த கம்பளி யானையிடமும் அப்படியே. உடல் பெரிதாக இருந்தால் சூட்டை இழப்பது மெதுவாகும், ரோமமும் தோலடிக் கொழுப்பும் இருந்தால் இன்னும் மெதுவாகும், அடுப்பு இல்லாமலும் சமாளிக்கலாம். பன்றிதான் பாவம், குட்டிகள் சிறியவை, உடம்பில் ரோமமும் இல்லை. 2017இல் சீன ஆய்வாளர்கள் எலியின் யூசிபி1ஐ கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் பன்றிக்குள் வைத்தார்கள். குட்டிகள் குளிரில் உடற்சூட்டை முன்பைவிட நன்றாகக் காத்தன, கொழுப்பும் குறைந்தது.

இப்போது 1997இன் அந்த முதல் எலிகளுக்குத் திரும்ப வேண்டும். அவை ஏன் குண்டாகவில்லை? விடை 2009இல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது. ஆய்வகங்களில் எலிகளை 20 முதல் 22 டிகிரியில் வைப்பது வழக்கம். நமக்கு அது இதமான ஏசி. எலிக்கு அது ஓயாத குளிர். யூசிபி1 இல்லாத எலி நாள் முழுக்கத் தசையை நடுக்கியே சூடு தேடியது, தின்றதெல்லாம் அதிலேயே போனது. அதே எலிகளை எலிக்கு இதமான 30 டிகிரியில் வைத்தபோது அவை குண்டாயின. மரபணுவைப் பற்றிய 12 ஆண்டுக் குழப்பம் கடைசியில் அறையின் வெப்பநிலையைப் பற்றியதாக முடிந்தது.

அதே 2009இல் வயதுவந்தவர்களிடமும் பழுப்புக் கொழுப்பு உண்டு என்று ஒரே மருத்துவ இதழில் மூன்று கட்டுரைகள் வெளிவந்தன. புற்றுநோய் மருத்துவர்களுக்கு இதில் அரைகுறையாக ஒரு துப்பு முன்பே இருந்தது. பெட் ஸ்கேனில் கழுத்தடியிலும் காறை எலும்பின் மேலும் சர்க்கரையை உறிஞ்சும் பளிச்சென்ற திட்டுகள் தெரியும், குளிர்காலத்தில் கூடுதலாக. கட்டியென்று ஏமாந்துவிடக் கூடாதே என்று நோயாளிக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு ஸ்கேன் எடுப்பார்கள். அவர்களுக்குத் தொந்தரவாக இருந்ததுதான் மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தது.

மனித மரபணு வேறுபாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எச்சிலை அனுப்பினால் 'உங்கள் மெட்டபாலிசம் மெதுவானது' என்று அறிக்கை தரும் சோதனைகள் இவற்றைத்தான் பார்க்கின்றன. யூசிபி1க்கு முன்னால் 3826ஆம் இடத்தில் உள்ள டிஎன்ஏ எழுத்து ஏ அல்லது ஜி, யூசிபி2க்கு முன்னால் 866ஆம் இடத்தில் ஜி அல்லது ஏ. இரண்டாவதில் ஆஸ்திரியாவில் கிடைத்த முடிவு சுவாரசியமானது: ஏ உள்ளவர்களுக்கு உடல் பருமன் வாய்ப்புக் குறைவு, ஆனால் பருத்தவர்களிடையே அதே ஏ சர்க்கரை நோய் வாய்ப்பைக் கூட்டியது. இன்சுலினை மட்டுப்படுத்தும் புரதம் என்றால் இது புரிகிறது. ஆனால் வேறு நாட்டு மக்களிடம் இந்த முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. ஓர் எழுத்தைப் பார்த்து ஒருவருடைய சாப்பாட்டுத் திட்டத்தை எழுதித் தரும் அறிக்கைக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

நம்மைத் தொடும் ஒரு கேள்வி நெதர்லாந்தில் கேட்கப்பட்டது. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் வருகிறதே, பழுப்புக் கொழுப்புக் குறைவு ஒரு காரணமா? 2014இல் லைடனில், தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒல்லியான இளைஞர்கள் 12 பேரையும் வெள்ளையர் 12 பேரையும் குளிரூட்டிப் பார்த்தார்கள். தெற்காசியர்களிடம் பழுப்புக் கொழுப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது, ஓய்வில் செலவாகும் ஆற்றலும் குறைவு. ஆனால் அதே நாட்டில் முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை என்றது. 24 பேரை வைத்து ஒரு துணைக்கண்டத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. குளிரூட்டிய படுக்கையின் வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனபோது யார் எப்போது நடுங்கத் தொடங்கினார்கள் என்பதையும் லைடன் குழு குறித்து வைத்தது. வெள்ளையர்கள் தாங்கியதைவிட 2 டிகிரி அதிகமாக இருக்கும்போதே தெற்காசியர்கள் நடுங்கத் தொடங்கிவிட்டார்கள்.